பாவா தண்ணீர் குடித்த காலைகள்

சென்ற வாரம் பேத்தியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியதாயிற்று. எதிர்வீட்டு நாய்க்குட்டி விளையாட்டாக அவள் விரலைக் கவ்விவிட்டது. மெல்லிய ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான். பேத்தி அழவில்லை. நர்ஸ் பெண் அவள் தோளில் ஓர் ஊசியைப் போட்டுவிட்டு, இன்னும் சில தடவை வந்தால் போதும் என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "தாத்தாவ ஃபேனுக்குக் கீழ உக்கார வைங்க" என்று சிரித்தாள். நியாயம்தான். வேர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருந்தேன்.

அவளுக்கு என்ன தெரியும்? வராந்தாவை யாரோ துடைத்துக்கொண்டிருந்தார்கள். வாளியிலிருந்து அந்தக் காரமான கார்பாலிக் நெடி. உங்களுக்கு அது ஆஸ்பத்திரி நெடி. எனக்கு அது என் பாவாவின் சட்டை. சாயங்கால ரயிலில் இறங்கி அவர் வீட்டுக்குள் வந்தால் அவருக்கு முன்னால் அந்த வாசனை வந்துவிடும். அக்கா அடுப்படியிலிருந்தே காபிக்குப் பால் வைத்துவிடுவாள்.

பாவா என்றால் அக்காவின் கணவர். ஆந்திரா கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர் எங்கள் திருத்தணி. அத்தான், மாமா என்றெல்லாம் எங்கள் வீட்டில் வாய் வராது. எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்குத் திருத்தணி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற உத்தியோகம் கிடைத்தது. அக்கா வீட்டிலேயே சாப்பாடு, தூக்கம், திட்டு எல்லாம். பாவாவுக்கு மெட்ராஸில் ஓர் அரசாங்க ஆய்வுக்கூடத்தில் வேலை. நாய்க்கடிக்குப் போடுகிற தடுப்பு மருந்தைத் தயாரிக்கிற பிரிவில் அவர் விஞ்ஞானி. ஊரில் இது யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. 'நாய் டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் சொறிநாயைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு யாராவது வாசலில் நிற்பார்கள். "நான் அந்த டாக்டர் இல்லீங்க" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "ஆங், பாக்கலாம்" என்று எழுந்து போவார். வேப்பெண்ணெயையும் கந்தகத்தையும் குழைத்துத் தடவச் சொல்வார். அது குணமாகியும் தொலைக்கும். அடுத்த வாரம் இன்னும் ரெண்டு நாய்கள் வரும்.

காலையில் ரயிலுக்குக் கிளம்புமுன் மகள் மாலதிக்குத் தலைவாரிப் பின்னல் போடுவது அவர் வேலை. அக்கா பின்னினால் ஒரு பக்கம் இறங்கியிருக்குமாம். இவர் ரெண்டு பின்னலையும் முன்னால் இழுத்துவிட்டு, நுனி ரெண்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்ப்பார். ஒரு மயிரிழை பிசகினாலும் அவிழ்த்து மறுபடி. "நைனா, ட்ரெயினு போயிடும்" என்று குழந்தை கத்தும். ரயில் போகாது. கார்டுக்கும் இவரைத் தெரியும்.

எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி சமைப்பதில்லை. அந்தக் காலத்து நாய்க்கடி மருந்து ஆட்டின் மூளையிலிருந்து தயாரானது. "நாள் பூரா அதுங்க மொகத்துலதான் முழிச்சிகினு இருக்கேன், சாப்பாட்டுலயுமா?" என்பார். நான் அரக்கோணத்துக்கு ட்யூட்டி மாற்றி வாங்கிக்கொண்டு போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவேன். அது வேறு கதை.

சொல்ல வந்தது ஒரு ஆடிக்கிருத்திகையைப் பற்றி.

கிருத்திகை என்றால் எங்கள் ஊருக்கு மூச்சு முட்டும். மலைப்படியெல்லாம் மஞ்சள். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள், பூக்காவடிகள், அரோகரா. ஸ்டேஷனில் சில்லறை கேட்டுக் கேட்டே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. மதியம் என்னை மாற்றிவிட ஆள் வந்தபிறகு வெளியே வந்தேன். பாவாவுக்கு அன்று லீவு. மாலதியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு காவடி காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழந்தையை என் தோளுக்கு மாற்றினார்.

அப்போதுதான் அந்த நாய் வந்தது. குரைக்கவில்லை. வாயில் நுரை இருந்ததா என்று பிற்பாடு ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் பார்த்தது, அது நேராக ஓடாமல் கூட்டத்தில் இடித்து இடித்து வந்ததைத்தான். சாலையோரம் குனிந்து காவடிக்குப் பூச்சரம் சுற்றிக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணின் முன்கையைக் கவ்வியது. விடவில்லை. பாவா ஓடினார். அதன் கழுத்தைப் பிடித்துப் பிய்த்து எறிந்தார். எறிந்த வேகத்தில் அது திரும்பி அவர் கெண்டைக்காலில் பல்லைப் பதித்துவிட்டுத்தான் விழுந்தது. அதற்குள் தடிகளோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். பாவா கத்தினார்: "தலையில அடிக்காதீங்க! ஐயோ, தலையில வேணாம்!"

யார் கேட்டார்கள்? கடித்த நாய்க்கு இரக்கப்பட்ட மகான் என்று ஊரில் கொஞ்ச நாள் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். காரணம் எனக்கு அன்று மாலைதான் தெரிந்தது. நாய்க்கு வெறி இருந்ததா என்பது அதன் மூளையைப் பார்த்தால்தான் தெரியுமாம். மூளை நசுங்காமல், கெடாமல் கிடைக்க வேண்டும். கடியை மறந்து அவர் அதைத்தான் கத்தியிருக்கிறார்.

அந்தப் பெண்ணின் பெயர் சரோஜா. ஆர்.கே.பேட்டையில் தறி நெய்கிற குடும்பம். கைக்குழந்தையைக் கணவன் ஏகாம்பரம் வைத்திருந்தான். ரெண்டு பேரையும் பக்கத்துக் குழாயடிக்கு இழுத்துப் போய், பாவா துணி சோப்பைப் போட்டுக் காயத்தைக் கழுவினார். கழுவினார் கழுவினார், அப்படிக் கழுவினார். அவள் வலியில் துடித்தாள். அவளுக்குக் கழுவி முடித்தபிறகுதான் தன் காலை நீட்டினார்.

நாயின் உடலை ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். தேடிப் பிடித்து, ஒரு தகர டப்பாவில் ஐஸ் போட்டுத் தலையை மெட்ராஸுக்கு எடுத்துப் போனார். ஆடி வெயில் ஏற்கெனவே தன் வேலையைச் செய்திருந்தது. நுண்ணோக்கியில் ஒன்றும் சொல்ல முடியவில்லை. இருக்கிறது என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. "தெரியலைன்னா, இருக்குதுன்னுதான் வெச்சிக்கணும்" என்றார்.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்பது உங்கள் தலைமுறைக்கு வெறும் பேச்சு. நான் கண்ணால் பார்த்தேன். தினமும் பாவா மெட்ராஸிலிருந்து ஃப்ளாஸ்கில் மருந்து கொண்டுவருவார். ஊர் ஆஸ்பத்திரியில் சாயங்காலம் ரெண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போட்டுக்கொள்வார்கள். வயிறு பலகையாய் வீங்கியிருக்கும். சரோஜா குழந்தையை இடுப்பில் வைக்க முடியாமல் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து போவாள். "நேத்து குத்துன எடத்துலயே குத்தறாங்க சார், தாங்க முடியல" என்பாள். "என் கையால சமைச்சதும்மா. நானே சாப்புடறேன் பாரு" என்று பாவா சட்டையைத் தூக்கிக் காட்டுவார்.

இந்த மருந்தில் ஒரு வில்லங்கம் இருந்தது. ஆட்டு மூளை இருக்கிறதல்லவா, எங்கேயோ ஒருவர் உடம்பு அதை எதிர்க்கிற வேகத்தில் தன் சொந்த நரம்பையே தாக்கிவிடும். பாவா வருஷக்கணக்காக மேலதிகாரிகளுக்கு எழுதிக்கொண்டிருந்தது இதைப் பற்றித்தான். எங்களுக்கு இதெல்லாம் அப்போது தெரியாது.

ஊசி பாதியைத் தாண்டியிருந்த ஒரு சாயங்காலம். நான் கவுண்டரில் இருந்தேன். ரயிலில் இறங்கியவர்கள் எல்லாம் போன பிறகும் பாவா வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, பாதத்தை விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலு மரத்துகினு இருக்குதுடா" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் முகத்தில் ரத்தமில்லை. "அக்காகிட்ட இப்ப சொல்லாதே."

சொல்ல அவசியமே இல்லாமல் போயிற்று. மறுநாள் விடிந்தபோது இடுப்புக்குக் கீழே ரெண்டு கால்களும் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. அவருக்காகவே மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய டாக்டர் டாக்ஸியில் வந்தார். முட்டியைத் தட்டினார், உள்ளங்காலைக் கீறினார். பாவாவும் அவரும் இங்கிலீஷில் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். கடைசியில் டாக்டர் அக்காவிடம் வந்தார். கால் திரும்பி வர வாய்ப்பு உண்டு. ஆனால் நாய்க்கடி ஊசியை இந்த நிமிஷமே நிறுத்த வேண்டும். இன்னொரு ஊசி போட்டால் மூச்சே நின்றுவிடலாம்.

"நிறுத்திட்டா அந்த நோவு வந்துடாதா?" என்று அக்கா கேட்டாள்.

டாக்டர் பாவாவைப் பார்த்தார். பாவா சுவரைப் பார்த்தார். அந்த நோய் வந்தால் பிழைத்தவர் கிடையாது என்பதை அந்த வீட்டில் குழந்தைகூட அறியும். வாரங்களில் வரலாம், மாதங்கள் கழித்தும் வரலாம். முதல் அடையாளம் தண்ணீர். தாகம் இருக்கும், தம்ளரைக் கையில் வாங்கினால் தொண்டை இறுகிக்கொள்ளும், விழுங்க முடியாது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலை நேரம் மாறிப்போயிற்று. அக்கா தம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து பாவாவிடம் நீட்டுவாள். நீட்டிவிட்டு வேறு எதையோ தேடுகிறவள் மாதிரி அங்கேயே நிற்பாள். நான் செய்தித்தாளைத் தலைகீழாகக்கூடப் பிடித்திருப்பேன். எல்லோர் கண்ணும் அவர் தொண்டை முடிச்சில். அது ஏறி இறங்கும். அக்கா மூச்சு விடுவாள். பாவாவுக்குத் தெரியாதா? வேண்டுமென்றே மடக் மடக்கென்று சத்தம் வரக் குடித்துவிட்டு, "இன்னும் ஒண்ணு கொண்டா" என்பார். தாகமே இல்லாமல் எத்தனை தம்ளர் குடித்தாரோ அந்த மனுஷன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாய் என்னைத் தொடக்கூட இல்லை. ஆனாலும் ஸ்டேஷன் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் இறங்குகிறதா என்று தினமும் சோதித்துப் பார்த்துக்கொள்வேன். ஒருநாள் புரையேறிவிட்டது. அவ்வளவுதான், என் கதை முடிந்தது என்று பெஞ்சில் சாய்ந்துவிட்டேன். போர்ட்டர் வந்து முதுகில் ரெண்டு அறை விட்டான்.

இதற்கிடையில் ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தது. மெட்ராஸ் டாக்டர் மிச்ச மருந்தைக் கொண்டுவந்து கொடுத்திருந்தும், சரோஜா ரெண்டு நாளாக ஊசிக்கு வரவில்லை. பாவா படுத்த படுக்கையில் என்னைக் கூப்பிட்டார். "போய்ப் பாத்துட்டு வா. ரொம்ப நாள் விட்டா பிரயோஜனம் இல்ல."

ஆர்.கே.பேட்டைக்கு பஸ் பிடித்தேன். தெருவெல்லாம் தறிச் சத்தம். ஏகாம்பரம் தறிக்குழியை விட்டு எழுந்து வந்து மரியாதையாகத்தான் பேசினான்.

"சாரு எப்படி கீறாரு?"

"படுத்துகினு இருக்காரு."

"ஊசி போட்டுகினுதானே காலு போச்சி? ஊரெல்லாம் சொல்றாங்க. அந்த ஊசிய செய்றவரே அவருதான். செய்றவருக்கே அப்டின்னா எங்களுக்கு இன்னாங்க?" அவன் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "பச்சில குடுத்துகினு கீறோம். இவ காலு போயிட்டா கொழந்தைய யாரு பாப்பாங்க?"

அவன் கேட்டது நானே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. சரோஜா கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டை அவிழ்த்துவிட்டிருந்தாள். கையில் ஏதோ பச்சையாக அரைத்துப் பூசியிருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். பாவா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "என்னை அங்க இட்டுகினு போ" என்றார்.

அக்கா பிடித்துக்கொண்டாள். "மொதல்ல உங்க காலு எந்திரிக்கட்டும். மூத்தரம் போகவே ரெண்டு பேர் புடிக்க வேண்டியிருக்குது, ஊருக்குப் போறாராம் ஊருக்கு! அவ போட்டுக்கலைன்னா அது அவ தலையெழுத்து. நாய இழுக்கப் போனதுக்குத்தானே நமக்கு இந்தக் கதி?"

"என்னைப் பாத்துதானே அவ பயந்தா" என்றார் பாவா. அன்று மதியம் சாப்பாட்டைத் தொடவில்லை. மாலதி எதிரில் ரெண்டு பின்னலும் அவிழ்ந்த தலையோடு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் அக்கா என்னிடம், "காரு ஏதாச்சும் கெடைக்குமா பாரு. நானும் வரேன். இவர தனியா அனுப்ப மாட்டேன்" என்றாள்.

மறுநாள் காலை ஒரு வாடகைக் காரின் பின்சீட்டில் அவரைச் சாய்த்து வைத்துப் போனோம். சாலை போட்ட குலுக்கலில் அவர் உடம்பு சரிந்து சரிந்து விழ, அக்கா தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டே வந்தாள். தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றது. தெருவே கூடிவிட்டது. நானும் டிரைவருமாகத் தூக்கி ஏகாம்பரம் வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார வைத்தோம். கால்கள் ரெண்டும் துணிப்பொம்மைக்குப் போல மடங்கின. அதைப் பார்த்து சரோஜா வாயைப் பொத்திக்கொண்டாள். காரியம் கெட்டது, இவரைக் காட்டவே கூடாது என்று நினைத்தேன்.

ஏகாம்பரம் நேரடியாகக் கேட்டான். "சார், நீங்களே சொல்லுங்க. இது ஊசியாலதானே?"

பாவா பொய் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு பொய். வாதம், பரம்பரை, விழுந்துவிட்டேன், எதையாவது.

"ஆங். ஊசியாலதான்."

"இவளுக்கும் வருமா?"

"வராதுன்னு என்னால சொல்ல முடியாதுப்பா. எங்கியோ ஒருத்தருக்கு வரும். ஆனா நாய்க்கு வெறி இருந்து, ஊசி போடாம வுட்டா, ஒருத்தரும் பொழைக்க மாட்டாங்க. ரெண்டையும் நீ தெரிஞ்சிக்கணும்."

ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டான். கூட்டத்தில் முணுமுணுப்பு. உண்மை எடுபடாத இடம் என்று ஒன்று உண்டு.

அப்போது அக்கா காரிலிருந்து இறங்கி வந்தாள். சரோஜாவின் எதிரே போய் நின்றாள். அக்கா அதிகம் படித்தவள் இல்லை, சபையில் பேசிப் பழக்கமும் இல்லை.

"இந்தாம்மா, நான் உன்ன கெஞ்சறதுக்கு வரல. இவரோட காலப் பாத்து நீ பயந்துட்டே. நான் காலப் பாக்கறதே இல்ல. தெனம் காலையில இவருக்குத் தண்ணி குடுத்துட்டு தொண்டையப் பாத்துகினு நிக்கிறேன். எறங்குதா, எறங்குதான்னு. இவருக்கு ஊசி பாதியில நின்னுபோச்சி. இனிமே காசு குடுத்தாலும் போட மாட்டாங்க, போடவும் முடியாது. உனக்கு முடியும். மிச்ச ஊசி ஆஸ்பத்திரியில அப்டியே கீது. எனக்குக் கேட்டாலும் கெடைக்காதது அது. உனக்கு வேணாமா?"

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே அழுதாள். இத்தனை நாளும் வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள்.

சரோஜா உள்ளே போய்க் குழந்தையை எடுத்து ஏகாம்பரம் கையில் கொடுத்தாள். "நான் போறேன்யா" என்றாள். அதே காரில் எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பாவாவின் அந்தப் பக்கத் தோளை அவள் தாங்கிக்கொண்டாள்.

அவள் மிச்ச ஊசிகளையும் போட்டுக்கொண்டாள். அவை முடிகிறவரை பாவா தூங்கவில்லை. ஒவ்வொரு நாளும் என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, நடந்து வந்தாளா, கால் இழுக்கிறதா, விரல் மரத்திருக்கிறதா என்று விசாரிப்பார். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசி ஊசியன்று வெற்றிலை பாக்கு, பழத்தோடு அக்காவைப் பார்க்க வந்தாள். ரெண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து என்ன பேசிக்கொண்டார்களோ, எங்களுக்குச் சொல்லவில்லை.

பாவாவின் கட்டைவிரல் முதலில் அசைந்தது ஐப்பசி மழையில். மாலதிதான் பார்த்துக் கத்தினாள். பொங்கலுக்குச் சுவரைப் பிடித்து நின்றார். பிறகு கைத்தடி. இடதுகால் மட்டும் கடைசிவரை இழுத்துக்கொண்டுதான் நடந்தார். ஆனால் கால் வந்ததில் எங்கள் பயம் போகவில்லை. தண்ணீர்த் தம்ளர் நாடகம் தினமும் நடந்தது. எப்போது நின்றது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒருநாள் காலை அக்கா அவரிடம் தம்ளரைக் கொடுத்துவிட்டு, பால்காரன் குரல் கேட்டு, திரும்பிப் பார்க்காமல் வாசலுக்குப் போனாள். அவர் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த நாய்க்கு வெறி இருந்ததா இல்லையா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பாவா அதே வேலைக்குத் திரும்பினார். ஆட்டு மூளை இல்லாத மருந்துக்காக மல்லுக்கட்டுகிறவர்களோடு சேர்ந்துகொண்டார். அது எளிய மக்கள் கைக்கு வருவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. எண்பதுகளின் நடுவில், ஓய்வு பெற இருந்த சமயம், ஒரு சாதாரண மத்தியானம், ஆய்வுக்கூடத்து நாற்காலியிலேயே மாரடைப்பு. சரோஜாவும் ஏகாம்பரமும் மகனோடு வந்திருந்தார்கள். அவன் அப்போது நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டிருந்தான். பாடைக்குத் தோள் கொடுத்தான்.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது யாத்ரீகர்களுக்கான லாட்ஜ். மெட்ராஸில் ஆய்வுக்கூடத்து ஆட்டுக்கொட்டகைகளும் போய்விட்டன. அந்தப் பழைய மருந்தையும் அடியோடு நிறுத்திவிட்டார்கள். நல்லது, போகட்டும்.

எனக்கு மனசு கேட்காமல் போவது வேறொன்றுக்கு. பாவா கைத்தடியோடு வேலைக்குத் திரும்பிய காலத்தில் எங்கள் ஸ்டேஷன் பிளாட்பாரம் தாழ்வு, ரயில் பெட்டியின் படி உயரம். அவரால் ஏற முடியாது. காலை ரயில் வந்து நின்றதும் உள்ளேயிருந்து நாலைந்து கைகள் நீளும். சீசன் டிக்கெட் சிநேகிதர்கள். அரக்கோணத்துப் பட்டறைக்குப் போகிறவர், மெட்ராஸ் ஜவுளிக்கடையில் கணக்கெழுதுகிறவர், வெற்றிலைக் கூடைக்காரர் ஒருவர். கீழேயிருந்து நானும் போர்ட்டரும் தாங்குவோம். "சாரு ஏறட்டும், சாரு ஏறட்டும்!" என்று ஒரு சத்தம் பெட்டி பெட்டியாகப் பின்னால் போகும். கடைசிப் பெட்டியில் கார்டு பச்சைக்கொடியைச் சுருட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

போன மாதம் திருத்தணியில் இறங்கினேன். பிளாட்பாரத்தைப் பெட்டியின் மட்டத்துக்கு உயர்த்திவிட்டிருக்கிறார்கள். மின்சார ரயில் வந்தது, கொஞ்சம் நின்றது, ஒரு கையும் வெளியே நீளவில்லை, போய்விட்டது.